ஸ்டெல்லா தள்ளி வைத்த வட்டம்

பேருந்து கரிக்கலாம்பாக்கம் நிறுத்தத்தில் நின்றபோது போன் அடித்தது. ஸ்டெல்லாவின் கணவர் ஆரோக்கியம் அண்ணன் பெயரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "சொல்லுங்கண்ணா" என்றேன்.

"இப்பதாம்மா" என்றார். "காலையில கஞ்சி வேணாம்னா. கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிறன்னு சொன்னா. நான் பக்கத்துலயேதான் இருந்தன். அப்புறம் பாத்தா மூச்சு இல்ல."

அவர் அழவில்லை. இன்று வேலைக்கு வர முடியாது என்று சூப்பர்வைசரிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். பிறகு, "நீ பஸ்ஸுலயா இருக்க? எங்க வந்துட்ட?" என்று கேட்டார்.

"கரிக்கலாம்பாக்கத்துல நிக்கிதுண்ணா."

"அங்கயே எறங்கிடு. வில்லியனூர் வரைக்கும் போயி திரும்பி வராத."

இறங்கினேன். அந்த நிறுத்தத்தில்தான் ஸ்டெல்லா தினமும் ஏறுவாள். நான் பாகூரில் ஏறி அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பேன். ஏம்பலத்து வீட்டிலிருந்து அவளைப் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் அண்ணன் திருபுவனைக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போவார். அவள் ஏறிய இடத்தில் நான் இறங்கி நின்றேன். பேருந்து வில்லியனூருக்குப் போய்விட்டது. ஏம்பலத்துக்கு ஆட்டோ கேட்டேன். "யாரு வூட்டுக்குமா?" என்று ஓட்டுநர் கேட்டார். ஆரோக்கியம் அண்ணன் பெயரைச் சொல்லி ஏறினேன்.

எங்கள் அறக்கட்டளையின் இந்த இதழில் அவளைப் பற்றி எழுதித் தரும்படி டாக்டரம்மா கேட்டார். முதலில் "அவர்" என்று போட்டு நாலு வரி எழுதினேன். மறைந்தவரைப் பற்றி அப்படித்தானே எழுதுவார்கள். படித்துப் பார்த்தால் மாற்றலாகிப் போன ஏதோ ஓர் அதிகாரியைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. வாடி, போடி என்றுதான் பேசிக்கொள்வோம். ஆகவே "அவள்" என்றே எழுதுகிறேன். அவளோடு வேலை பார்த்தவர்களும், முகாம்களில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசியவர்களும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

அவளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறக்கட்டளை அலுவலகம் இருக்கிறது. நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள மருத்துவக் கையேடுகளைச் சேர்த்து, இணையதளத்தில் வைப்பது எங்கள் வேலை. டாக்டரம்மா தலைமை. கணினி சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு. ஸ்டெல்லா பல வருடம் தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். ஷிப்ட் மாறி மாறிப் பார்த்து உடம்பு கெட்டுப்போய், அதை விட்டுவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தாள். கையேடுகளைப் படித்து, எது எந்தத் தலைப்பில் வர வேண்டும் என்று பிரிப்பது அவள் வேலை.

சேர்ந்த முதல் நாள், தேடும் பெட்டியில் தன் கணவர் பெயரைத் தட்டினாள். ஆரோக்கியம் என்றால் கேட்க வேண்டுமா, இருக்கிற கையேடு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. "பாரு கலை, எங்க வூட்டுக்காரரு எல்லா பேப்பர்லயும் இருக்காரு. வூட்டுலதான் இருக்கறதில்ல" என்றாள். டாக்டரம்மா சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தளத்தில் யார் தேடினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. என்ன வார்த்தை போட்டுத் தேடினார்கள், எந்தப் பக்கம்வரை படித்தார்கள் என்பது மட்டும் பதிவாகும். அதை நான் மாதம் ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பேன். அவள் தினமும் காலையில் வந்ததும் டீயை வைத்துக்கொண்டு முழுக்கப் படிப்பாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. 'சாப்பாடு எறங்கல'ன்னு ஒருத்தர் தேடியிருக்காரு. நம்ம தளம் இன்னா சொல்லுது பாரு."

'முடிவுகள் இல்லை' என்று வந்திருந்தது.

"நம்மகிட்ட இருக்குடி. 'விழுங்குவதில் சிரமம்'னு பேரு வச்சிருக்கோம். வூட்டுல யாராவது எனக்கு விழுங்குவதில் சிரமமா இருக்குதுன்னு சொல்லுவாங்களா? கதவத் தட்டிக் கூப்புடுறாங்க. நாம உள்ள உக்காந்துக்கிட்டு யாரும் இல்லன்னு சொல்றோம்."

அது எனக்குச் சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது. இந்த வார்த்தைக்கு அந்த வார்த்தை என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் கணினி இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். 'எளப்பு' என்றால் 'மூச்சுத்திணறல்', 'வெளிய போகல' என்றால் 'மலச்சிக்கல்'. ஒரு வாரத்தில் செய்துவிட்டேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

"இது ஒரே வியாதிக்கு ரெண்டு பேரு. அது சரி. ஆனா சாப்பாடு எறங்கலன்னு வர்றவருக்கு அது மட்டுமா இருக்கும்? எளச்சிருப்பாரு. நெஞ்சு எரியும். வாயில புண்ணு இருக்கலாம். பக்கத்துல பக்கத்துல இருக்கறத எல்லாம் சேத்துக் காட்டணும். அப்பதான் அவரு, 'ஆமா, இதுவும் இருக்குது'ன்னு தொடுவாரு."

அப்படித்தான் அந்தப் படம் தொடங்கியது. பழைய மாத காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒன்றுக்கொன்று கோடு இழுத்துச் சுவரில் ஒட்டினாள். கொஞ்ச நாளில் சுவர் போதாமல் பீரோவின் மேலும் ஒட்டினாள். கீழே மருந்துக்கடைக்காரர் ஏதோ கேட்க மாடிக்கு வந்தவர், வந்த காரியத்தை மறந்து நின்று பார்த்துவிட்டு, "இது இன்னாம்மா, பஸ் ரூட்டா?" என்றார். ஸ்டெல்லா, "அந்த மாதிரிதாங்க" என்றாள்.

அதைக் கணினிக்குக் கொண்டுவருவது என் பங்கு. எல்லாக் கையேடுகளையும் கணினியைப் படிக்க வைத்தேன். எந்தச் சொற்கள் அடிக்கடி சேர்ந்து வருகின்றனவோ அவை பக்கத்தில் வரும். எப்போதாவது சேர்ந்து வருபவை தூரத்தில் போகும். முதலில் எல்லா வட்டங்களையும் ஒரே திரையில் போட்டேன். போனில் பார்த்தால் கடுகு சிதறியதுபோல் இருந்தது. "ஊரு மொத்தத்தயும் காட்டாத கலை. அவங்க நிக்கற தெருவ மட்டும் காட்டு" என்றாள் ஸ்டெல்லா. அதன்பிறகு, தேடிய சொல்லுக்கு நடுவில் ஒரு வட்டம், சுற்றி அஞ்சாறு வட்டம், அவ்வளவுதான் என்று வைத்தோம். எதைத் தொடுகிறோமோ அது நடுவுக்கு வரும். அதைச் சுற்றி வேறு வட்டங்கள் வரும். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே அதற்கான கையேடு இருக்கும்.

மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. வந்தவர்களின் போனிலேயே படத்தைக் காட்டிப் பார்க்கலாம் என்று இருவரும் போயிருந்தோம். லட்சுமி என்று ஒரு அம்மா, ஐம்பது வயதுக்குள் இருக்கும், எங்கள் மேசைக்கு வந்தார். தனக்குத் தட்டத் தெரியாது என்றார். பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று நான் சொன்னதும் போனை வாய்க்கு அருகில் வைத்து, "சாப்பாடு எறங்கல" என்றார். படம் வந்தது. நான் உள்ளுக்குள் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். நெஞ்செரிச்சல். எடை குறைதல். வாய்ப்புண். நாலாவது வட்டத்தில் நிறுத்தினார். அதில் 'புற்றுநோய்' என்று இருந்தது.

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். "பஸ்ஸு வந்துரும்மா" என்று எழுந்து போய்விட்டார்.

ஸ்டெல்லா மேசையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனாள். அடுத்து வந்தவர்களை நான் பார்த்துக்கொண்டேன். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. முகம் வியர்த்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவங்க அம்மாவுக்கு இதே மாதிரி வந்துதாம். அந்த வார்த்தைக்கு பயந்துதான் இத்தன நாளா ஆஸ்பத்திரி பக்கமே போகாம இருந்திருக்காங்க. நாம அதயே எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டோம்."

அடுத்த வாரம் அவளே மண்ணாடிப்பட்டுக்குப் போய் லட்சுமி அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். உணவுக்குழாயில் புண் என்றார்கள். மாத்திரையில் ஆறிவிட்டது. ஆனால் ஸ்டெல்லா ஆறவில்லை. அலுவலகத்துக்கு வந்ததும் அந்த வட்டத்தை நகர்த்து என்றாள். நான் முடியாது என்றேன். என் கணக்கில் பிழை இல்லை, கையேடுகளில் அந்த இரண்டு சொற்களும் பக்கத்திலேயே வருகின்றன என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"பேப்பர்ல பக்கத்துலதான் இருக்கு. மனுஷன் மனசுல அது ரொம்ப தூரம்" என்றாள். "அங்க போயிச் சேர அவருக்கு நேரம் வேணும். ரெண்டு வட்டம் தள்ளி வை. தொட்டுத் தொட்டு அவங்களா வரட்டும்."

வாதம் டாக்டரம்மாவிடம் போயிற்று. அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "மறைக்கற மாதிரி ஆயிடாதா ஸ்டெல்லா?"

"மறைக்கலம்மா. வழி இருக்கும். தள்ளித்தான் வைக்கச் சொல்றன்."

"ரத்த வாந்தி எடுக்கறவங்க ரெண்டு வட்டம் நடந்துக்கிட்டு இருக்கக்கூடாது."

"அது செவப்பு வட்டம்மா. தொடறதுக்கு முன்னாடியே, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு மொதல்ல நிக்கணும். அவசரம் வேற, பயம் வேற."

டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு வட்டமாக உட்கார்ந்து, எது அவசரம், எது பயம் என்று மூன்று பேருமாகப் பிரித்தோம். ஒரு மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. சில சொற்களுக்காக நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் பேருந்தில் திரும்பியதும் உண்டு. கரிக்கலாம்பாக்கத்தில் இறங்கும்போது, "நாளைக்கு கருவாட்டுக் குழம்பு கொண்டாறன். நீ சோறு மட்டும் கட்டிக்கிட்டு வா" என்பாள். அதோடு சண்டை தீர்ந்துவிடும். புதிய படம் வந்தபிறகு ஒரு வித்தியாசத்தைக் கவனித்தோம். முன்பெல்லாம் அந்தப் பெரிய நோய்களின் கையேடுகளைத் திறந்தவர்கள் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள். இப்போது கடைசிப் பக்கம்வரை படித்தார்கள்.

பின்னொரு நாள் காலை, ஆற்றுப்பாலத்தைப் பேருந்து தாண்டும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கலை, ஸ்கேன் வந்துடுச்சு. கணையம். கல்லீரலுக்கும் போயிருக்கு."

முதுகுவலி என்று சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பாடும் குறைந்திருந்தது. எனக்கு அந்தச் சொற்களின் பொருள் தெரியும். எந்த வட்டத்துக்குப் பக்கத்தில் எந்த வட்டம் இருக்கிறது என்று இரண்டு பேருமாகப் போட்டதுதானே. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வில்லியனூர் வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, எறங்கலியா?" என்றார்.

படியில் இறங்கும்போது, "அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வியாதி பேரு தெரியும். அதுக்கு மேல தெரிஞ்சிக்க வேணாம்னு இருக்காரு. ஊசி போட்டா சரியாயிடும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. சொல்லிக்கிட்டு இருக்கட்டும்."

முடிந்தவரை வேலைக்கு வந்தாள். பேருந்துப் படி ஏற முடியாமல் போனதும், சனிக்கிழமைகளில் நான் ஏம்பலத்துக்குப் போனேன். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் மடிக்கணினியை வைத்துக்கொள்வாள். சில நாள் அரை மணிநேரம். சில நாள் அதுவும் இல்லை. படத்தில் ஒரு மூலை மட்டும் மிச்சம் இருந்தது. இனி சிகிச்சை கேட்காது என்ற நிலையில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றியது. அதற்கு எங்களிடம் கையேடு ஒன்றிரண்டுதான் இருந்தது. அந்தப் பகுதியை யாராவது பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் தட்டிக்கழித்தேன். அவள் விடவில்லை.

"இத என்னவிட யாரு போடுவாங்க சொல்லு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வேலையைப் பகிர்ந்துகொள்வதுபோல் சொன்னாள்.

'இறுதிக்காலப் பராமரிப்பு' என்ற வட்டத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்கச் சொன்னாள். நான் அதை அளவில் சிறிதாகப் போட்டிருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எழுத்தச் சின்னதாக்காத. தூரத்துல இருக்கட்டும், ஆனா போயிச் சேர்ந்தவங்களுக்கு தெளிவா தெரியட்டும். அவ்வளவு தூரம் வந்தவங்க ஏற்கெனவே களச்சிப் போயிருப்பாங்க."

அதைச் சுற்றி என்னென்ன வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வலி குறைய வீட்டுக்கே வந்து மருந்து தருபவர்கள். வாய் உலராமல் பார்த்துக்கொள்வது. புரட்டிப் படுக்க வைப்பது. பிள்ளைகளிடம் சொல்வது. யாரை வரச் சொல்வது, யாரை வர வேண்டாம் என்பது. கடைசியில், "பாத்துக்கறவங்க தூக்கம்" என்றாள்.

"அதுக்கு நம்மகிட்ட கையேடே இல்லயேடி" என்றேன்.

"இல்லன்னுதான் வட்டம் போடச் சொல்றன். காலியா இருந்தா கண்ண உறுத்தும்ல. யாராவது எழுதுவாங்க."

யாரும் எழுதுவதற்குக் காத்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளே சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஒரு பக்கம்தான் வந்தது. நோயாளியின் பக்கத்தில் ஒருவரே எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டாம், முறை வைத்துக்கொள்ளுங்கள், தூங்கினால் பாசம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க மாட்டார்கள், நோயாளி நிச்சயமாக நினைக்க மாட்டார் என்று அதில் இருக்கிறது. அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியம் அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்து, சமைத்து, அவளைக் குளிப்பாட்டிவிட்டு உட்கார்ந்தவர். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. ஸ்டெல்லா அவரைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பக்கத்தைச் சொன்னாள்.

அவரிடம் நீயாவது உட்கார்ந்து பேசேன் என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன். எத்தனை பேருக்கு நீ பக்குவமாகச் சொல்லியிருக்கிறாய் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அவரா வரணும்டி. நான் இழுத்தா வந்துடுவாரு. ஆனா அங்க நிக்க முடியாது அவரால."

இரண்டு மூன்று வாரம் இப்படியே போயிற்று. அவளுக்கு வலி அதிகமாகிக்கொண்டிருந்தது. அண்ணன் அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு மருத்துவமனைக்கு அலைந்தார். அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்க் காத்திருந்து திரும்பக் கொண்டுவருவதே பெரும் வேதனையாக இருந்தது. அவள் மறுக்காமல் போய்வந்தாள். எனக்கு அவர்மீது ஆத்திரமாகக்கூட இருந்தது. அவளிடம் காட்டிக்கொள்ள முடியாது.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது அவர் வாசலில் பைக்கின்மேல் சாய்ந்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "உள்ள இருக்கா, போம்மா" என்று மட்டும் சொன்னார். நான் உள்ளே போய் ஸ்டெல்லாவுக்கு எலுமிச்சைச் சாறு கலந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து கட்டில் காலருகே நின்றார். போன் கையிலேயே இருந்தது.

"ஸ்டெல்லா" என்றார். "வலிக்கு வூட்டுக்கே வந்து மருந்து தருவாங்களாமே. ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு போக வேணாமாமே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க பாத்தீங்க?"

"உங்க படத்துலதான்."

"எது வரைக்கும் போனீங்க?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "கடசி வட்டம் வரைக்கும்" என்றார். "மூணு நாளா போயிப் போயித் திரும்பி வந்துட்டன். இன்னிக்குத்தான் தொட்டன்."

அவள் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். நான் டம்ளரோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். பிறகு அவள், வேலைக்கு வந்த புது நர்ஸிடம் பேசுவதுபோல, "யாரக் கூப்புடணும்னு அதுலயே போன் நம்பர் இருக்கும். திங்கக்கெழம கூப்புடுங்க" என்றாள். அவர் "சரி" என்றார். அதன்பிறகுதான் அழுதார். இத்தனை மாதங்களில் முதல்தடவையாக அவரை அவள் அழவிட்டாள்.

திங்கட்கிழமையே ஆட்கள் வந்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை வந்து மருந்து கொடுத்தார்கள். வலி அவளை விட்டு முழுக்கப் போகவில்லை. ஆனால் பேச விட்டது. சாப்பிடவில்லை என்றாலும் கொஞ்சம் சிரித்தாள். அண்ணன், அவளுடைய தங்கை, நான் மூன்று பேரும் முறை வைத்துக்கொண்டோம். அண்ணனின் முறை இல்லாதபோது, "போயி படுங்க. பாத்துக்க ஆளு இருக்கு" என்று அவளே விரட்டுவாள். அவரும் போய்ப் படுப்பார். ஒரு மதியம் அவர் உள்ளறையில் குறட்டை விட்டது கூடத்துக்குக் கேட்டது. "கேட்டியா? கல்யாணமான நாள்லேருந்து இந்தச் சத்தத்தத் திட்டியிருக்கன்" என்றாள் ஸ்டெல்லா. கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரங்களில் அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசினார்கள் என்பது தெரியும். அடக்கத்துக்கு எந்தச் சேலை, கோயிலில் எந்தப் பாட்டு, யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதை அண்ணன் யாரையும் கேட்காமல் செய்தார். அவள் கடைசியாக மூச்சு விட்டபோது பக்கத்தில் இருந்தார். முறைப்படி தூங்கி எழுந்து, முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். கல்லறையிலிருந்து திரும்பும்போது என்னிடம், "அவ எனக்குச் சொல்லவே இல்லம்மா. வழி மட்டும் போட்டு வச்சிருந்தா" என்றார்.

அவள் போனபிறகு வேலையில் ஒன்றும் நின்றுவிடவில்லை. படம் ஓடுகிறது. புது வட்டங்கள் சேர்க்கிறோம். அவளுடைய இடத்துக்கு ஒருவர் வந்திருக்கிறார், நன்றாகத்தான் செய்கிறார். எனக்குத்தான், பேச்சு பாதியில் நின்றுபோனதுபோல் இருக்கிறது. யாராவது வேடிக்கையாக எதையாவது தேடியிருந்தால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சண்டை போட்டு ஒரு சொல்லை நகர்த்தச் சொல்ல ஆளில்லாமல் நான் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது. அது சரியான இடம்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. டாக்டரம்மாவும் சில சமயம் பேச்சுவாக்கில், "ஸ்டெல்லா இன்னா சொல்றா?" என்று ஆரம்பித்து நிறுத்திவிடுகிறார்.

அவளிடமிருந்து ஒரு பழக்கம் மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. தேடல் வார்த்தைகளை அவள் மனதுக்குள் படிக்க மாட்டாள். வாய்விட்டுப் படிப்பாள். அதுவும் கேட்டவருடைய குரலில். வயதானவர் தட்டியிருப்பார் என்று தோன்றினால் இழுத்து, பயந்துபோய்த் தட்டியது என்று தோன்றினால் வேகமாக. அப்படிப் படித்தால்தான் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியும் என்பாள். வந்த புதிதில் எனக்கு அது தொந்தரவாக இருந்தது. இப்போது நானே அப்படித்தான் படிக்கிறேன். பக்கத்து மேசையில் புதிதாக வந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார்.

நேற்றுக் காலையில் ஒரு வரி வந்திருந்தது: 'அவங்க துணிய எல்லாம் எப்ப எடுத்து வைக்கணும்'. அவ்வளவுதான். எந்த நோயும் இல்லை, எந்த உறுப்பும் இல்லை. யாரையோ பறிகொடுத்தவர் கேட்டிருக்கிறார். எங்கள் கையேடு எதிலும் இதற்குப் பதில் கிடையாது. எந்த வட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டுப் படித்தேன். ஆண் குரலா, பெண் குரலா என்று பிடிபடவில்லை. இன்னொருமுறை மெதுவாகப் படித்தேன். ஸ்டெல்லா படித்தால் எப்படிப் படிப்பாள் என்று நினைத்து மூன்றாவது முறையும் படித்தேன். பிறகு ஒரு புது வட்டம் போட்டு, அந்தக் கேள்வியை அப்படியே அதில் எழுதி, கீழே காலியாக விட்டு வைத்தேன்.